ஜெரூஷாவுக்கு எல்.கே.ஜி. சீட்டு

உக்காருடா ஜாய்சா, வந்ததும் வராததுமா என்ன அவசரம்? மதர் ஸ்கூல்லதான் இருக்காங்க. கான்வென்ட்டுக்கும் அவங்கதான் பெரியவங்க, ஸ்கூலுக்கும் அவங்கதான் எச்.எம். கிளாஸ் முடிஞ்சதும் வருவாங்க. அது வரைக்கும் அத்தைகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா வாய் வலிக்குமா?

இது என்ன, மைசூர்பாகா? எனக்கு சுகர் வந்து எத்தனையோ வருஷமாச்சு. பரவால்ல, உனக்கு எப்படித் தெரியும். சின்ன சிஸ்டருங்க சாப்பிடுவாங்க.

பள்ளிக்கரணைலேருந்து தாம்பரம் என்ன சீமையா? அட்மிஷன் பாரம் குடுக்க ஆரம்பிச்சா மட்டும் உங்க எல்லாருக்கும் வழி தெரிஞ்சிடுது. நான் எச்.எம்.மா இருந்தப்ப பாக்கணும் நீ. ஒண்ணுவிட்ட அக்கா, அவ மச்சினன், அவன் எதிர்வீட்டுக்காரன், எல்லாருக்கும் நான் அத்தை. பிள்ளைக்கு யூனிபார்ம் தைச்ச கையோட அத்தைய மறந்துடுவாங்க. உன்னையும் அஞ்சாவது வரைக்கும் நான்தானே இங்க படிக்க வெச்சேன்?

கோவமா? கோவப்பட எனக்கு யாருகிட்டடா உரிமை இருக்கு? பதினெட்டு வயசுல உங்க தாத்தா கையப் பிடிச்சு கூட்டியாந்து, பாக்க வர்றவங்க உக்கார்ற இதே பார்லர்ல விட்டுட்டுப் போனாரு. வீட்டுல ஒரு பொண்ணு சாமிக்குன்னு அவருக்குப் பெருமை. உனக்கு இஷ்டமாம்மான்னு கேக்கல. எனக்கும் அப்ப வாய் ஏது. உங்கப்பா சத்தியநாதன் கல்யாணத்துக்கு வந்தேன், காவலுக்குக் கூட ஒரு சிஸ்டர். வெளிய கை நனைக்கக் கூடாதுன்னு அப்ப ரூல். கூடப்பிறந்த அண்ணன் கல்யாணத்துல பிரியாணிய மோந்து பாத்துட்டு வந்தவ நான்.

ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கணக்கு சொல்லிக் குடுத்தேன். ஏசுவுக்குத் தெரியும், அத முழு மனசோடதான் செஞ்சேன். ரிட்டயர் ஆன மறுநாள் காலைல ஸ்கூல் மணி அடிக்குது, எனக்குப் போறதுக்குக் கிளாஸ் இல்ல. சொந்தம்னு யாராவது பாக்க வருவீங்கன்னு நாள் பூரா இங்கயே உக்காந்திருந்தேன். வெக்கம் கெட்ட மனசு.

சீட்டா? அதுக்குத்தான் வரேன். சிஸ்டருங்களோட ரத்த சொந்தத்துக்குன்னு வருஷா வருஷம் ஒண்ணு ரெண்டு ஒதுக்கறாங்க. உன் மக ஜெரூஷாவுக்குத் தாராளமா கிடைக்கும். இவன் என் அண்ணன் மகன்னு நான் மதர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

அவசரப்படாத, சிரிக்காத. முழுசாக் கேளு.

போன ஆகஸ்ட்ல எனக்கு ஆபரேஷன். ஆமா, கர்ப்பப்பைல கட்டி. அதுகிட்ட ஒரு நாளும் நான் வேலை வாங்கினதில்ல, அதுக்கு என் மேல என்ன கோவமோ. இப்ப நல்லாத்தான் இருக்கேன், பதறாத. பதற வேண்டிய நேரம் போயிடுச்சு. சொந்தக்காரங்க யாராவது வந்து கையெழுத்துப் போடணும்னாரு டாக்டர். மதர் பக்கத்துல உக்காந்து, அண்ணன் வீட்டுக்கு சொல்லிவிடலாமா சிஸ்டர்னாங்க. அவங்க முன்னாடியேதான் உனக்குப் போன் போட்டேன். ரிங் போச்சு, கட் பண்ணின. மறுபடி போட்டேன், மறுபடி கட் பண்ணின. மீட்டிங்கா? இருக்கும். அப்புறம் திரும்பக் கூப்பிட ஆகஸ்ட்லேருந்து இன்னிக்கு வரைக்கும் உனக்கு மீட்டிங்.

எனக்கு மானம் போச்சுடா. நம்பர் பழசு மதர், இப்ப எனக்குன்னு யாரும் உயிரோட இல்லன்னுட்டேன். அவங்களே கையெழுத்துப் போட்டாங்க. எனக்குப் பெட்பேன் வெச்சதும் அந்தப் புண்ணியவதிதான்.

நவம்பர்ல கல்லறைத் திருநாள் வந்துச்சு. பூசைல வாசிக்க உங்க வீட்டு இறந்தவங்க பேரெல்லாம் சொல்லுங்க சிஸ்டர்னு மதர் பாசமாத்தான் கேட்டாங்க. உங்க தாத்தா பேரு சொன்னேன். உங்கப்பா பேரு சொன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். வயிறு எரிஞ்சுதுடா, நிறுத்தல. உன் பேரையும் சொல்லிட்டேன். அண்ணன் மகன் ஜாய்சன், சின்ன வயசுன்னேன். மதர் கண்ணு கலங்கிட்டாங்க. சாமியார் உன் பேரை வாசிச்சாரு, கோயிலே முட்டி போட்டு உன் ஆத்மாவுக்கு வேண்டிக்கிச்சு.

இப்ப நீயே சொல்லு, செத்தவன் பிள்ளைக்கு சீட்டு குடுங்கன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க முன்னாடி போய் நிக்கட்டும்?