வந்தும் வராத கடிதம்: வெர்னா ஹால்ஸ்டெட் அவர்களுக்குப் பிரியாவிடை மடல்

ஓஹையோ மாநிலத்து மார்ல்டன் கல்லூரியில், மருத்துவப் படிப்பு ஆலோசனை அலுவலகத்தின் இரண்டாம் மேசையில் முப்பத்தோரு ஆண்டுகள் அமர்ந்து, பேராசிரியர்கள் எழுதிய பரிந்துரைக் கடிதங்களைப் பிரித்துப் படித்துப் பதிந்து பத்திரமாய் மூடி, நாடெங்கும் உள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பிவைத்த அன்பு அம்மையார் வெர்னா ஹால்ஸ்டெட் அவர்களே. முத்திரை கண்டால் முகம் மலர்பவரே. கையொப்பம் காணாவிடில் கண் சிவப்பவரே. கடைசி நாளில் கடிதம் தரும் பேராசிரியப் பெருமக்களைக் காரிடாரில் துரத்திப் பிடித்த கால்வலிமை படைத்தவரே. உங்களுக்கு உடன் பணியாற்றியவர்களின் வணக்கம்.

இம்மடலுக்கு எங்கள் இயக்குநர் முனைவர் விட்காம்ப் ஒரு முன்வரைவு தந்தார். அதில் ‘ஒப்பற்ற’ ஒன்பது இடத்திலும் ‘அர்ப்பணிப்பு’ பதினோரு இடத்திலும் இருந்தன. பெயரை எடுத்துவிட்டு வாசித்துப் பார்த்தோம்; கல்லூரித் தோட்டக்காரருக்கும் பொருந்தியது, கொதிகலனுக்கும் ஓரளவு பொருந்தியது. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்துகிற கடிதம் யாருக்கும் உதவாது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர் நீங்கள். ஆகவே வரைவை நன்றியுடன் ஒதுக்கி வைத்தோம்.

கடிதம் கேட்கிற மாணவர் ஒவ்வொருவரும் முதலில் ஒரு படிவத்தில் கையெழுத்திடுகிறார்: என்னைப் பற்றி எழுதப்படுவதைப் படிக்கும் உரிமையைத் துறக்கிறேன். துறந்தால்தான் மருத்துவக் கல்லூரிகள் கடிதத்தை நம்பும். நீங்கள் அப்படி எதையும் துறக்கவில்லை. ஆகவே உங்களைப் பற்றிய கடிதத்தை உங்கள் முன்பாகவே படிக்கிறோம். நேரே பார்த்துச் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். அதனால், நீங்கள் கையாண்ட கடிதங்களின் வழக்கப்படியே, இனி உங்களை ‘அவர்’ என்கிறோம்.

ஏறக்குறைய இரண்டாயிரம் மாணவர்கள், எட்டாயிரம் கடிதங்கள். அத்தனையும் வெர்னா படித்தார். தேதி, முத்திரை, கையொப்பம், ஆள் பெயர் ஆகிய நான்கையும் சரிபார்ப்பது மட்டுமே அவர் வேலை. ஆனால் எட்டாயிரம் கடிதம் படித்தவருக்கு வரிகளுக்குள்ளே ஓடுவதும் தெரிந்துவிடுகிறது. ‘வகுப்புக்கு நேரம் தவறாமல் வருவார்’ என்றால் வேறு சொல்ல ஒன்றுமில்லை என்று பொருள். ‘உடன் படிப்பவர்களிடம் இனிமையாகப் பழகுவார்’ என்றால் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள் என்று பொருள். ‘இவரைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்றால் அந்தப் பிள்ளைக்குப் பாடை கட்டியாயிற்று, தூக்க ஆள் வர வேண்டியதுதான் பாக்கி.

மூன்று ஆண்டு உழைப்பை ஒரே வரியில் சாய்க்கிற இந்தக் கடிதங்களைப் பிடித்துக்கொண்டு வெர்னா என்ன செய்வார்? மாணவரிடம் சொல்லக் கூடாது. சொல்லாமல் அனுப்பவும் மனம் வரவில்லை. ஆகவே, பணிக்கு வந்த மூன்றாம் ஆண்டிலேயே, சட்டத்தில் இல்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார்.

“கண்ணு, அந்தக் கடிதம் இன்னும் வந்து சேரலை. எதுக்கும் வேற ஒருத்தரையும் கேட்டு வை.”

இவ்வளவுதான். கடிதம் அவருடைய இழுப்பறையில் படுத்திருக்கும். இந்தச் சொல்லின் பொருள் மாணவர் விடுதியில் ஆண்டுக்கு ஆண்டு கைமாறி வந்தது. “வெர்னா ‘வரலை’ன்னாங்களா? அப்ப வந்துடுச்சுடா. உருப்படியா இல்லை. அந்த ஆளை விட்டுட்டு வேற ஆளைப் பிடி.” மாணவர் வேறொருவரைப் பிடிப்பார், அனுப்ப வேண்டிய மூன்று கடிதங்களின் பட்டியலை மாற்றி எழுதித் தருவார், பட்டியலில் இல்லாத கடிதம் இழுப்பறையிலேயே மூச்சடங்கும். இன்று மூன்று மாநிலங்களில் அறுவை மருத்துவர்களாக அமர்ந்திருக்கும் சிலர், வராத கடிதத்தின் புண்ணியத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

இத்துடன் மடலை முடித்திருந்தால் எல்லோரும் கைதட்டிவிட்டுக் கேக் வெட்டப் போயிருக்கலாம். முடிக்கக் கூடாது என்று சொன்னவர் வெர்னாவே.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கெல்வின் ஹாக்கெட் என்றொரு மாணவர். விடுதியில் தங்க வசதியில்லை. நாற்பது மைல் தள்ளியிருந்த வீட்டிலிருந்து வந்து போனார். வாரத்தில் நான்கு இரவு ஆம்புலன்ஸ் வண்டியில் வேலை. உயிரியலில் வகுப்பில் மூன்றாமவர். வேதியியல் பேராசிரியர் ஹார்லன் டைஸிடம் கடிதம் கேட்டார். டைஸின் கடிதம் உரிய நேரத்தில் வந்தது: ‘ஹாக்கெட் வகுப்புக்குத் தவறாமல் வந்தார், சில நாள் பின்வரிசையில் உறங்கினார்.’

வெர்னா வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். விடுதியில் இல்லாத பிள்ளைக்கு அதற்கு உரை எழுதித்தர ஆளில்லை.

“பரவாயில்லை மேடம். நானே போய் ஞாபகப்படுத்தறேன்.”

“வேண்டாம் கண்ணு. அவருக்கு ஆயிரம் வேலை. வேற யாராவது…”

“அவர் மறக்கறவர் இல்லை மேடம். தபால்ல எங்கேயாவது மாட்டியிருக்கும். அவரைத் தப்பா நினைச்சுடாதீங்க.”

போனார். டைஸ் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். கெல்வின் திரும்பி வந்தார்; வெர்னா மறுபடியும் வரவில்லை என்றார், இந்த முறை புருவத்தையெல்லாம் உயர்த்தி, அழுத்திச் சொன்னார். பிள்ளை அதை அவசரம் என்று புரிந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடினார். கடைசியில் டைஸ் புதிதாக ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரு வரி கூடியிருந்தது: ‘இக்கடிதத்துக்காக இவர் நான்கு முறை என் கதவைத் தட்டினார். விடாமுயற்சி உண்டு, பகுத்தறிவு உண்டா என்பதைத் தங்கள் முடிவுக்கு விடுகிறேன்.’

பிந்தைய தேதியிட்ட கடிதம் முந்தையதை நீக்கும் என்பது அலுவலக விதி. விதியை எழுதியவர் வெர்னா.

மறுநாள் கெல்வின் ஒரு டப்பாவுடன் வந்தார். நிலக்கடலை வெண்ணெயை உருட்டிச் சாக்லேட்டில் தோய்த்த உருண்டைகள். அம்மா செய்து கொடுத்தனுப்பியது. “இந்தத் தடவை வந்துடுச்சுல்ல மேடம்? நான் பக்கத்துலயே நின்னு உறையில போட வெச்சேன்.”

அடுத்த அறையில் இயக்குநரின் கதவு திறந்திருந்தது. மேசைமேல் கெல்வின் கையெழுத்திட்ட படிவம் கிடந்தது. ‘அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு’ என்ற ஒரு வாக்கியம் வெர்னாவின் வாயில் இருந்தது.

“வந்துடுச்சு கண்ணு,” என்றார். ஓர் உருண்டையும் எடுத்துக்கொண்டார்.

விண்ணப்பித்த பதினாறு கல்லூரிகளில் ஒன்றுகூட நேர்காணலுக்கு அழைக்கவில்லை. அடுத்த ஆண்டு கெல்வின், அதே கடிதங்களை அனுப்பிவிடுங்கள் என்று இரண்டு வரி எழுதினார். அதே கடிதங்கள் போயின. தொலைபேசி மேசைமேல்தான் இருந்தது; வெர்னா எடுக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு அவர் எழுதவில்லை. அந்த ஒரு வரிதான் அவரைக் கவிழ்த்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது; வெர்னாவும் செய்யவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நிலக்கடலை உருண்டை இருந்த எந்த விருந்திலும் அவர் அந்தத் தட்டின் பக்கம் போனதில்லை. எங்களுக்குக் காரணம் இந்த வாரம்தான் தெரிந்தது.

பழைய காகிதக் கோப்புகளையெல்லாம், வெர்னா ஓய்வு பெறுவதற்குள், தூளாக்கும் இயந்திரத்தில் போட்டுவிட வேண்டும் என்று இயக்குநர் உத்தரவிட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் வெர்னா போட்டுக்கொண்டிருந்தார். ஹாக்கெட் என்ற பெயர் வந்ததும் சத்தம் நின்றது.

“என்னம்மா, மெஷின் மக்கர் பண்ணுதா?” என்று எங்கள் ஒடெட் கேட்டாள்.

“மெஷினுக்கு ஒண்ணும் இல்லை,” என்றார் வெர்னா. இந்தக் காகிதம் தூளாகிவிட்டால் நடந்ததை அறிந்தவர் தான் ஒருவர்தான், தானும் வெள்ளிக்கிழமை போய்விடுவோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. நேரே இயக்குநர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, அந்தப் பிள்ளையைக் கூப்பிடப் போவதாகவும் சொன்னார்.

விட்காம்ப் கண்ணாடியைக் கழற்றினார். “வெர்னா, சட்டம்னு ஒண்ணு இருக்கு. அவன் உரிமையைத் துறந்து கையெழுத்துப் போட்டிருக்கான்.”

“கடிதத்தைப் படிக்கற உரிமையைத்தான் சார் துறந்தான். நான் சொன்ன பொய்யைத் தெரிஞ்சுக்கற உரிமையை எந்தப் படிவத்துலயும் துறக்கலை.”

இயக்குநர் தம் பிரியாவிடை உரையைத் திருத்தும் பணிக்குத் திரும்பினார்.

கெல்வினுக்கு இப்போது முப்பத்தைந்து. அதே மாவட்டத்தில் ஆம்புலன்ஸ் நிலையத்துக்குத் தலைமை. தொலைபேசியில் வெர்னாவின் பேரைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “யாருக்கு என்ன ஆச்சு மேடம்?”

வெர்னா சொன்னார். பாதியில் நிறுத்தாமல், தன் பக்கம் நியாயம் சேர்க்காமல், டைஸின் வரிகளையும் விடாமல் சொன்னார்.

“அப்ப முதல் தடவையே வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“நாலு தடவைன்னா எழுதியிருக்கார்? ஆறு மேடம். ரெண்டு தடவை அவர் ரூம்ல இல்லை.” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “பதினாலு வருஷமா எனக்கு மூளை பத்தலைன்னு நினைச்சு ஒருவழியா சமாதானமா இருந்தேன். இப்ப அதையும் வாங்கிக்கிட்டீங்களே.”

வெர்னா மன்னிப்புக் கேட்டார். அதுவும் பதினான்கு ஆண்டு தாமதம்.

“மத்த ரெண்டு கடிதத்துல என்ன எழுதியிருந்தாங்க?”

“டைஸ் எழுதினதைச் சொன்னதே விதிமீறல். மத்ததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.” பிறகு சேர்த்துக்கொண்டார்: “ஆனா அது ரெண்டும் வந்து சேர்ந்துச்சு கண்ணு. ரொம்ப நல்லாவே வந்து சேர்ந்துச்சு.”

இந்த முறை அவருக்கு உரை தேவைப்படவில்லை. அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“மறுபடி விண்ணப்பம் போட்டுப் பாக்கறியா?”

“பாப்பாவுக்கு நாலு வயசு மேடம்… இருங்க, வண்டிக்கு அழைப்பு வருது. வைக்கறேன்.”

அவ்வளவுதான். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெர்னா கோப்பைத் தாமே இயந்திரத்தில் விட்டார். டைஸின் கடிதம் முதலில். இயந்திரத்துக்கு நல்ல கடிதமும் கெட்ட கடிதமும் ஒரே சத்தம்தான். பிறகு எங்களிடம் வந்து, “என்னைப் பத்தி எழுதறதா இருந்தா இதையும் எழுதுங்க. இல்லாட்டி ஒண்ணுமே எழுதாதீங்க,” என்றார். பெயரைப் போடலாமா என்று கெல்வினிடம் கேட்டோம். “போடுங்க. இந்தத் தடவை நான் எதையும் துறக்கலை,” என்று தகவல் வந்தது. இன்று அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். பணியில் இருக்கிறார், வரவில்லை. இது உண்மையாகவே வரவில்லை.

அம்மையீர், மீண்டும் உங்கள் பக்கம் திரும்புகிறோம். இரண்டாயிரம் பேருக்கு வாசல் காட்டிய கை, ஒருவருக்குத் தவறான கதவைக் காட்டியது. இரண்டாயிரத்தை வைத்து அந்த ஒன்றைக் கழிக்க நீங்கள் எங்களை விடவில்லை; நாங்களும் கழிக்கவில்லை. பொய் சொல்லிக் காப்பதைவிட உண்மை சொல்லி மாட்டிக்கொள்ளும் துணிவு இந்த மேசைக்கு வேண்டும் என்று மட்டும் எழுதி ஒட்டிவைத்திருக்கிறோம். அதைக் கடைப்பிடிப்போமா என்பது அடுத்த ஆகஸ்டில், முதல் மோசமான கடிதம் வரும்போதுதான் தெரியும்.

ஜனவரிப் பனியில் கால் வழுக்காமல், முழங்கால் முணுமுணுக்காமல், பிறர் கடிதம் எதையும் பிரிக்காமல், உங்கள் பெயருக்கு வரும் கடிதங்களை மட்டும் பிரித்துப் படித்துக்கொண்டு, நலமும் நல்லுறக்கமும் சூழ நெடுங்காலம் வாழ்வீர்களாக. நல்லுறக்கம் என்பதை யோசித்துத்தான் எழுதினோம்.

இயக்குநர் இம்மடலைப் படித்துவிட்டு ஓரத்தில் ‘எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். பொருள் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் வழக்கப்படி சரிபார்த்துவிட்டோம்: தேதி உண்டு, முத்திரை உண்டு, பெயர் சரி, கையொப்பங்கள் மையில் உண்டு. பெயரை மாற்றினால் வேறு யாருக்கும் பொருந்தாது. யாராவது கேட்டால், வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள்.

இங்ஙனம்,
ஒடெட் ரஸ்க், ஃப்ளாய்ட் கெம்பர், மற்றும் இரண்டாம் மேசையைச் சுற்றி இருந்தோர்