மாதாவின் வயது

— பழசு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ ஐயா!

— லூர்த்தம்மா, கேட்டது நீங்கள்... நான் பாத்துத்தானே சொல்லுறன்...

— எங்கை பாத்தனீங்கள்? கையிலை வாங்க முதலே நூறு வருசமெண்டு...

— பழசெண்டாச் சனம் துள்ளிக் குதிக்கும். சண்டை பிடிக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன். புதுசு கேக்க, மீனே வாங்க வந்தனீங்கள்?

— மீனெண்டால் உங்களுக்கு நான் சொல்லித் தருவன். இந்த மாதா சுரூபம் சீனச் சாமானெண்டபடியால்தான் குருநகரிலை இருந்து டீசல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை ஓடுற பஸ்ஸிலை குலுங்கிக் குலுங்கி வட்டுக்கோட்டைக்கு வந்தது. உங்கடை தகப்பனார் பினாங்கிலை இருந்தவர், உங்களுக்கு உதுகள் தெரியுமெண்டு எங்கடை பங்குச் சுவாமி சொன்னவர்.

— தெரிஞ்சுதான் சொல்லுறன். அடியைத் திருப்பிப் பாருங்கோ. வலைக்கண் மாதிரிக் குறுக்கும் மறுக்கும் கோடு. யானைத் தந்தத்திலைதான் உது வரும்.

— தந்தம் பழசா இருக்கட்டும். செதுக்கினது?

— முழங்காலைத் தடவுங்கோ. மழுங்கிப் போச்சு. எத்தினை கை பட்டிருக்கும்...

— ஒரு கைதான். என்ரை கை. ஒவ்வொரு நாளும் செபம் சொல்லேக்கை...

— மஞ்சள் பிடிச்சிருக்கு.

— மெழுகுதிரிப் புகை.

— எல்லாத்துக்கும் ஒரு மறுமொழி! எணை, உது மாதாவும் இல்லை. சீனரின்ரை அம்மன். மூக்கைப் பாருங்கோ, சீனத்தி மூக்கு.

— பிள்ளையை வைச்சிருக்கிறவ மாதா. அதை விடுங்கோ. வயசைச் சொல்லுங்கோ.

— வயசு ஏன் உங்களுக்கு?

— ...என்ரை மோன் அருட்பிரகாசம் கப்பலுக்குப் போனவன். பிறகு ஒரு சத்தமும் இல்லை. கப்பல் கடலுக்குள்ளை தாண்டுபோச்செண்டும் ஒரு கதை. அப்பதான் கனிசியஸ் இதைக் கொண்டு வந்தவன். கொழும்பிலை ஒரு கப்பல்காரன் குடுத்துவிட்டதாம்... ஹொங்கொங்கிலை என்ரை பிள்ளை ஒரு சீனனுக்குப் பக்கத்திலை இருந்து, என்ரை முகத்தைச் சொல்லிச் சொல்லிச் செதுக்குவிச்சதாம். போன கிழமை ஒருத்தி வந்து, உது பழஞ்சாமானெண்டு சொல்லிப்போட்டுப் போனாள். அண்டையிலை இருந்து நித்திரை இல்லை. புதுசெண்டால் என்ரை பிள்ளை உயிரோடை இருந்து செய்விச்சது. பழசெண்டால்...

— எந்தக் கனிசியஸ்?

— என்ரை தம்பி. சைக்கிளிலை மீன் கொண்டு உங்கடை பக்கமும் வாறவன். தெரியுமோ?

— மீன்... ஓம், கண்டிருக்கிறன்.

— ஏன் முகம் ஒருமாதிரிப் போகுது?

— கரண்ட் இல்லாத வீடு. இஞ்சை எல்லா முகமும் இப்பிடித்தான்.

— இடக்கையிலை சின்னவிரல் இல்லை, பாத்தனீங்களோ? கப்பலிலை உடைஞ்சதாம்.

— கப்பலிலை இல்லை...

— என்ன?

— இல்லை... இருக்கும் எண்டன். அந்த அலுமாரியிலை பூதக்கண்ணாடி கிடக்கு, எடுத்துத் தாங்கோ. எனக்கு எழும்ப ஏலாது. வடிவாப் பாப்பம்.

— எந்தத் தட்டு?

— நடுத்தட்டு... என்ன, காணேல்லையோ? லூர்த்தம்மா?

— ...இருக்கு. இந்தாங்கோ.

— ஜன்னல் பக்கம் பிடியுங்கோ. ம்... ம்... பாத்தியளே, என்ரை கண் கெட்டுப்போச்சு! உது புதுசு. அஞ்சு வருசமும் வராது.

— உண்மையாவோ?

— தேயிலைச் சாயத்திலை ஊறவைச்சிருக்கிறாங்கள், பழசு மாதிரிக் காட்ட. சீனன் கெட்டிக்காரன்.

— முகம்?

— உங்கடை முகந்தான். அந்த நாடி... அச்சு.

— மூக்கு?

— மூக்கும்... மூக்கும்தான்.

— ஐயா, நீங்கள் தனியவோ இஞ்சை?

— பிள்ளையள் கனடாவிலை. ஏன் கேக்கிறியள்?

— தனிய இருந்து இருந்து உங்களுக்குப் பொய் சொல்லவும் மறந்து போச்சு.

— என்ன சொல்லுறியள்?

— கண்ணாடிக்குப் பக்கத்திலை, பஞ்சுக்குள்ளை இது கிடந்தது. சின்னவிரல். வைச்சுப் பாருங்கோ, பொருந்தும்... இது உங்கடை வீட்டிலை இருந்து வந்ததெண்டு நான் அறிஞ்சதைக் கனிசியசிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, பாவம், உடைஞ்சு போவான்... கோந்து இருந்தாத் தாங்கோ ஐயா. ஒட்டிக்கொண்டு போறன்.