பறிக்குள் சேராத கேம்

தலைமை ஆசனத்தை நிறைத்து அமர்ந்திருக்கும் வேலப்போடி ஐயா அவர்களே, அவர் பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் எங்கள் கோயில் பொறுப்பைப் பார்க்கும் வண்ணக்கர் அவர்களே, விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் நல்லரத்தினம் தம்பி அவர்களே, இந்த வருடத்து வெற்றிவீரன் யோகராசா தம்பி அவர்களே, காத்தான்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து முன்வரிசையில் இருக்கும் என் ஹவ்வா உம்மா அவர்களே, வெயில் என்றும் பாராமல் மணலில் பாய் விரித்திருக்கும் தாய்மாரே, பந்தற்காலைப் பிடித்து நிற்கும் ஆண்களே, வழுக்குமரத்து எண்ணெய் இன்னும் கையில் காயாத இளந்தாரிகளே, உங்கள் அத்தனை பேருக்கும் சீதேவிப்பிள்ளையின் பொங்கல் வணக்கம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கோயில் சடங்கில் படிக்கிற பாட்டைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது மட்டும்தான் என் படிப்பு. தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசயம் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன தையிலிருந்து இந்தத் தை வரை, இந்த ஊரில் யார் யார் எத்தனை ரீவி கேமைத் தொடங்கிக் கடைசி வரை முடித்தார்கள் என்று கழகம் கணக்கு வைத்தது. யோகராசா தம்பி முதலாவதாக வந்தார். என் வீட்டுக்காரர் குஞ்சித்தம்பிக்கு அவரைவிட ஒன்று குறைவு. அவர் பாதியில் விட்டுப்போன கேம் இது, கேம் பெட்டியில் செருகி விளையாடுகிற, என் கையில் இருக்கும் இந்தக் கசெற். இதையும் அவர் முடித்ததாகச் சேர்த்தால் இருவரும் சமம். இருவர் பெயரும் கழகத்துச் சுவரில் பெயின்ற் எழுத்தில் ஏறும். சேர்க்காவிட்டால் ஒரு பெயர்தான் ஏறும்.

"சேருங்க அக்கா, அண்ணன்ர பேர் எனக்கு மேல இருக்கட்டும்" என்று முதலில் சொன்னவர் யார் என்று நினைக்கிறீர்கள்? யோகராசா தம்பியேதான். ஓம் தம்பி, தலையைக் குனியாதீங்க, நல்லதைத்தானே சொன்னீங்க.

சேர்ப்பதா விடுவதா என்று சபை என்னிடம் கேட்டிருக்கிறது. அந்தப் பெயர் சுவரில் ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா? கடையில்லை, காணியில்லை, பெற்ற பிள்ளையில்லை. அந்த மனிதரின் பெயர் இந்த ஊரில் வேறு எங்கே எழுதிக் கிடக்கிறது? ஆசை இருக்கிறது, நெஞ்சு முட்ட இருக்கிறது. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் நான் கண்ட அதிசயத்தைச் சொல்ல வேண்டும்.

சண்டை நிற்பதற்கு முந்திய வருடம், விடியற்காலை வாவிக்கு வலை வீசப் போனவர். செல் குண்டு விழுந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. கூடப் போனவர்கள் தோணியோடு கொண்டுவந்து கரையில் கிடத்தினார்கள். உயிர் இருந்தது. தலைக்குள் ஒரு துண்டும் இருந்தது. எடுக்கப்போனால் ஆள் தப்பமாட்டார், இருக்கிறவரை இருக்கட்டும் என்றார் டொக்டர்.

அந்தத் துண்டு என்ன செய்தது? பழையதைத் தொடவில்லை. புதியதைத் தங்கவிடவில்லை. கலியாணத்தன்று நான் உடுத்த சேலையின் கரை என்ன நிறம் என்று சொல்வார். காலையில் சாப்பிட்டது தெரியாது.

"புள்ள, நான் சோறு திண்டனா?"

"திண்டீங்க."

"என்ன கறி?"

"திரளி மீன்."

"அப்ப மறுகாவும் போடு. திரளி எண்டா மறந்திருக்க மாட்டனே."

சிரியுங்கள் தாய்மாரே, நானும் சிரித்துத்தான் சோறு போட்டேன்.

சமாதானம் வந்து பாதை திறந்ததும் முதலில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தவர் ஹவ்வா உம்மா. சண்டைக்கு முந்தி இவரிடம் மீன் வாங்கியவர். அவர் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் எத்தனை வருடம், எத்தனை இரத்தம், எத்தனை பயம். போகிறவரும் இல்லை, வருகிறவரும் இல்லை. அன்றைக்குப் படலையில் நின்றவரைக் கட்டிலில் கிடந்தபடி பார்த்து இவர் சொன்னார், "வாங்க உம்மா. இண்டைக்கு இறால் படல்ல. நண்டுதான் கிடக்கு."

நேற்றை மறந்தவருக்கு ஹவ்வா உம்மாவை மறக்கவில்லை. உம்மா கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார், "நண்டு எனக்கு ஒத்துக்காது எண்டு எத்தின தரம் செல்லிருக்கன் மனே."

அடுத்த கிழமை ஒரு பெட்டியோடு வந்தார். மகன் வேலைக்குப் போன கட்டாரிலிருந்து கொண்டுவந்த ரீவி கேம், ஒரு தகரப்பேணி நிறையக் கசெற். "பேரனுகளுக்குப் புதுசு வந்திட்டு. வலை பிடிச்ச கை சும்மா கிடந்தா ஆள் உக்கிப் போவான் புள்ள. இதக் குடு" என்றார்.

கொடுத்தேன். தாய்மாரே, அப்போதுதான் அந்த அதிசயம் தொடங்கியது.

ஒவ்வொரு நாள் காலையிலும், "இது என்ன சாமான் புள்ள?" என்று கேட்பார். புதிதாகச் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் அந்தக் கை! நேற்று விழுந்த குழியில் இன்று விழாது. நேற்றுத் தட்டுப்பட்ட கல்லை இன்று தாண்டிப் போகும். தலை மறந்தது, கை மறக்கவில்லை. நாள் மறந்தது, கை மறக்கவில்லை. தான் விளையாடியதையே மறந்தார், விளையாடிய கை மறக்கவில்லை. இருட்டில் வலை வீசுகிறவன் தண்ணீரைக் கண்ணாலா பார்க்கிறான்? அந்தக் கைக்குள் இன்னொரு மனிதர் இருந்து வருடம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு மேல் சிலிர்க்கும்.

ஒரு தொல்லையும் இருந்தது. முடித்த கேம் எது, முடிக்காதது எது என்று அவருக்குத் தெரியாது. கசெற்றில் ஒட்டியிருந்த எழுத்து எங்களுக்கும் தெரியாது. வேலப்போடி ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். கடைசியில், "இது தமிழில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். ஐயா சிரிக்கிறார். சொன்னது சரிதானே ஐயா?

அதனால் நான் அவரின் பறியை எடுத்தேன். டவுனிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன், பறி என்பது பிடித்த மீனைப் போட இடுப்பில் கட்டுகிற கூடை. பிடித்தது பறிக்குள், பிடிக்காதது வாவிக்குள். கேம் முடிந்தால் கசெற் பறிக்குள் போகும். முடியாதது தகரப்பேணியில் கிடக்கும். நல்லரத்தினம் தம்பி மாதாமாதம் வந்து பார்த்துக் கணக்கு எழுதிக்கொண்டு போவார். எழுத்து வேண்டாம், இலக்கம் வேண்டாம், அந்த மனிதருக்கு விளங்குகிற கணக்கு அது ஒன்றுதான்.

விடிந்ததும் பறியைக் கவிழ்ப்பார். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்.

"இது ஆர் முடிச்ச?"

"நீங்கதான்."

"இதுவும் நானா?"

"ஓம்."

"இவ்வளவும் நானா? விசர்க்கதை கதைக்காத புள்ள."

"ஆர்ர பறி அது?"

பறியின் பின்னலைத் தடவிப் பார்ப்பார். பிறகு முகம் மலரும். நேற்று என்ற ஒன்று தனக்கும் இருந்தது, அதில் தானும் ஒரு காரியம் செய்திருக்கிறார் என்று அந்தப் பறியைப் பார்த்துத்தான் அவர் அறிந்துகொண்டார். காலண்டரை நம்பவில்லை, கண்ணாடியில் தெரிந்த நரையை நம்பவில்லை, சில நாள் என்னையும் நம்பவில்லை. பறியை நம்பினார்.

யோகராசா தம்பி கொம்யூனிக்கேசன் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னேரங்களில் வருவார். வம்புக்கு இழுக்கத்தான் வருவார். "அண்ணன், நான் உங்கள விட ரெண்டு கூட."

"நீ ஆரு மனே?"

"நான் யோகராசா அண்ணன். நேத்தும் வந்தனே."

"நேத்தும் வந்து இதத்தான் சொன்னயா? அப்ப இண்டைக்காவது வேற கதை கொண்டா."

கறண்ட் நின்றால் விளையாடியது எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். யோகராசா தம்பி கறண்ட்காரரைப் பரம்பரையோடு ஏசுவார். இவர் ஏசமாட்டார். கறண்ட் திரும்பி வந்ததும், "இது என்ன சாமான் புள்ள?" என்பார். இழந்ததே தெரியாதவருக்கு இழப்பு ஏது? அதைப் பார்த்து அழவா, அதிசயிக்கவா?

ஒருமுறை கிழமைக்கணக்காக ஒரு கேமும் முடியவில்லை. பறியைப் பார்த்து, "புதுசா ஒண்டும் படல்லயே" என்று முகம் வாடிப்போனார். என் தங்கச்சி இராசாத்தி காதுக்குள் சொன்னாள், "பேணிக்குள்ள கிடக்கிறதில ஒண்டத் தூக்கிப் பறிக்குள்ள போடு அக்கா. மச்சானுக்குத் தெரியவா போகுது?"

"தெரியாது. அதாலதான் போடமாட்டன்" என்றேன்.

அவள் கோபித்துக்கொண்டு போனாள். அந்தா இருக்கிறாள், இப்போதும் முறைக்கிறாள்.

ஆடி அமாவாசைக்கு அமிர்தகழிக்குப் போனபோது மாமாங்கக் கோயில் திருவிழாக் கடையில் இந்தக் கசெற்றை வாங்கினேன். கேமுக்குள் ஒரு உயர்ந்த கோபுரம். அதில் ஒரு சின்ன மனிதன் படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் கதவு திறக்க ஒரு திறப்பை, ஒரு சாவியைத் தேட வேண்டும். நெருப்பு வரும், வௌவால் வரும், படி உடைந்து விழும். உச்சியில் ஒரு கதவு. இவர் அந்தக் கதவு வரை போனார். கறண்ட் நின்றது. மறுகாவும் போனார், மறுகாவும் நின்றது. ஐப்பசி மழை தொடங்கிற்று. ஒருநாள் விளையாடிக்கொண்டிருந்தவர் தலையைப் பிடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தத் துண்டு அசைந்துவிட்டது. சண்டை நின்ற பிறகு சண்டையால் செத்தார் என் மனிதர்.

நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். பந்தல் போட்டீர்கள், தோள் கொடுத்தீர்கள். மறக்கமாட்டேன்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழிந்து ஹவ்வா உம்மா வந்தார். பெட்டி வைத்த இடத்திலேயே தூசு பிடித்துக் கிடந்தது. "கறண்டப் போடு புள்ள" என்றார். போட்டேன். அந்தச் சின்ன மனிதன் கோபுரத்தின் அடியில் வந்து நின்றான். ஏறியது எல்லாம் அழிந்து, முதற்படியில், சும்மா நின்றான். யாராவது நகர்த்தினால்தானே நகருவான்?

வருடம் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தவள், ஒருநாளும் தொட்டவள் இல்லை. அன்றைக்குத் தொட்டேன். விழுந்தேன். நெருப்பில் விழுந்தேன், குழியில் விழுந்தேன், ஏறின படியிலேயே விழுந்தேன். மார்கழி முழுக்கச் சமையல் முடித்துவிட்டு வந்து குந்தி விழுந்தேன். ஹவ்வா உம்மா வருகிற நாட்களில் பின்னால் இருந்து, "அங்கால போகா, இங்கால வாகா, கண் தெரியல்லயா உனக்கு" என்று ஏசுவார். விழ விழ எனக்கு ஒன்று விளங்கிற்று. வௌவால் எங்கே திரும்பும், எந்தப் படி உடையும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. யார் சொல்லித் தந்தது? அவர் மறந்ததை எல்லாம் என் கண் எடுத்து வைத்திருந்தது.

ஒரு மத்தியானம் கதவு திறந்தது.

உள்ளே என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? பொன் இல்லை, புதையல் இல்லை, ராசா இல்லை, ராணி இல்லை. வானம் இருந்தது தாய்மாரே. கறுத்த வானம், சின்னச் சின்ன வெள்ளிகள். அந்த மனிதன் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். பிறகு கீழேயிருந்து மேலே எழுத்து எழுத்தாகப் போகத் தொடங்கியது, போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கேம் முடிகிற இடத்திலும் அந்த எழுத்து வரும்போது இவர் கைகூப்புவார். யோகராசா தம்பி பக்கத்தில் இருந்து அந்த எழுத்து என்னவென்று சொல்லிக் கொடுத்த ஒரு பின்னேரம், ஏன் கும்பிடுறீங்க என்று கேட்டிருக்கிறேன். "இதச் செஞ்ச ஆக்கள்ர பேராம் புள்ள. ஒருத்தரையும் விடாம எழுதியிருக்கானுகள்" என்றார்.

ஒருத்தரையும் விடாமல். நம் பக்கத்தில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேரை எழுதினோம்? தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவன் பெயரைக்கூட எழுதுகிற ஊர் உலகத்தில் எங்கேயோ இருக்கிறது. ஹவ்வா உம்மாவும் நானும், அந்தப் பிறபாசை எழுத்தில் ஒன்றும் தெரியாமல், கடைசி எழுத்து மேலே போய் மறைகிற வரைக்கும் பார்த்தோம்.

சபையோரே, இப்போது பதில் சொல்கிறேன்.

நான் ஒருநாள் ஒரு பொய்யைப் போட்டிருந்தாலும் அந்தப் பறியை நம்பிய மனிதருக்குத் தெரிந்திருக்காது. தெரியாது என்பதாலேயே நான் போடவில்லை. அவர் கண் முன்னால் இருந்தபோது போடாததை, அவர் கண் மூடிய பிறகு போடுவேனா? அவர் வாடியபோது போடாததை, என் ஆசைக்குப் போடுவேனா? இந்தக் கேமை அவர் முடிக்கவில்லை. கதவு வரைக்கும் போனார், கதவைத் திறக்கவில்லை. அவருக்கு ஒன்று குறைவு, குறைவாகவே இருக்கட்டும். யோகராசா தம்பியின் பெயரை மட்டும் சுவரில் எழுதுங்கள். நீங்கள் தர வந்ததைப் பெரிய மனதோடு தந்தீர்கள் தம்பி. எடுக்காமல் கும்பிடுகிறேன்.

என்ன நல்லரத்தினம் தம்பி, ஏதோ கேட்கிறீர்கள்? "அப்ப இந்தக் கேமை ஆர்ர கணக்கில போடுற அக்கா?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. மார்கழியில் முடிந்தது, தைக்கு முதல் முடிந்தது, கழகத்துக் கணக்குக்குள்தான் வருகிறது.

என் கணக்கில் போடுங்கள்.

கைதட்டாதீர்கள், ஒன்றே ஒன்றுதான், கடைசி இடம்தான். ஆனால் அது நான் பிடித்தது.

தலைவர் ஐயா இன்னொன்று சொல்கிறார். "திருமதி குஞ்சித்தம்பி எண்டு எழுதுவம் புள்ள, அவர்ர பேரும் கணக்கில இன்னொருக்கா வரும்" என்கிறார். ஐயா, உங்கள் நெஞ்சு எனக்குத் தெரியும். வேண்டாம் ஐயா. அவரின் கணக்கில் அவர் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, ஒரு பொய்யும் கலவாமல் இருக்கிறது. இதற்குச் சீதேவிப்பிள்ளை என்று எழுதுங்கள். எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள். அந்த அளவுக்கு எனக்கும் வாசிக்கத் தெரியும்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட தாய்மாருக்கும், என்னை ஏசி ஏசிக் கோபுரம் ஏற்றிய ஹவ்வா உம்மாவுக்கும், கறண்டை நிறுத்தாமல் விட்ட அந்த ஒரு மத்தியானத்துக்கும் நன்றி. எல்லோர் வீட்டுப் பானையும் பொங்கட்டும். நான் இறங்குகிறேன். வணக்கம்.