சிவப்பு பச்சையாக எரியும் பிழை

வண்ண விளக்குப் பட்டை வாங்கும் எவரும் முதல் வேலையாக அதைச் சிவப்பாக எரியவைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது பச்சையாக எரியும். பயப்பட ஒன்றுமில்லை. நாம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் சொல்கிறோம். பட்டை பச்சையை முதலில் எதிர்பார்க்கிறது. நிரலில் வரிசையை மாற்றி எழுதினால் தீர்ந்தது. நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கும் இது தெரிந்திருந்தது. "எங்க வீட்டு கிறிஸ்துமஸ் தாத்தாவும் போன வருஷம் பச்சையாத்தான் நின்னாரு" என்று சிரித்தார். உடனே இது சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

என் மாமனார் தைஸ்தோவுக்கு இதயம் பலவீனம். சௌனாவின் நீராவிச் சூட்டில் தனியாக உட்காரக் கூடாது என்றார் டாக்டர். டாக்டர் சொல்லி எந்தப் பின்லாந்துக்காரன் கேட்டான்? கூட யாராவது உட்கார்ந்தாலும் அவருக்குப் பிடிக்காது, குறிப்பாக நான். கொதிக்கும் கல்லில் இன்னொரு கரண்டித் தண்ணீரை ஊற்றுவார். ஆவி காதைப் பொசுக்கும். நான் எழுந்துவிடுவேன்.

"மாப்ளே, கதவைச் சாத்திட்டுப் போ. சூடும் உன்ன மாதிரியே ஓடிடப்போவுது."

கல்யாணமானதிலிருந்து சனிக்கிழமைதோறும் இதைச் சொன்னார். விருந்தாளிகள் முன்னாலும் சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அது ஒரு பொருட்டல்ல.

யோசனை என் மனைவி சில்யாவுடையது. "சும்மா பல்பை நோண்டிட்டிருக்கியே கிம்மோ, அப்பாவுக்கு உருப்படியா ஒண்ணு பண்ணிக் குடேன்."

ஏரிக்கரையில் சௌனா, மேட்டில் வீடு. சௌனாவின் பலகையருகே இரண்டு பொத்தான்கள் வைத்தேன். விளக்குப் பட்டை சமையலறை ஜன்னலில். அவர் உள்ளே இருக்கும்வரை நீலம். ஒரு பொத்தானை அழுத்தினால் பச்சை: வரப்போகிறேன், சாசேஜைச் சூடாக்கு. மற்றதை அழுத்தினால் சிவப்பு: ஓடி வா.

"மூச்சு நின்னாக்கூட இவன் கம்ப்யூட்டரைக் கேட்டுட்டுத்தான் சாகணுமா?" என்றார் தைஸ்தோ. ஆனாலும் அழுத்திப் பார்த்தார். எல்லாம் சரியாக எரிந்தது. சில்யா என்னை முத்தமிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வேறு பட்டை மாட்டினேன், சோதிக்க மறந்துவிட்டேன் என்று போலீஸ்காரரிடம் சொல்லியிருந்தேன். இல்லை. பட்டை அதேதான். வரிசையை மட்டும் பழையபடி தவறாக எழுதிவைத்தேன். நீலத்துக்கு இதில் மாற்றமில்லை என்பதால் யாருக்கும் தெரியாது.

நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். அவர் நலமாக இருந்து சாசேஜ் கேட்டிருந்தால் ஜன்னலில் சிவப்பு எரிந்திருக்கும். சில்யா பனியில் விழுந்தடித்து ஓடியிருப்பாள், நான் திட்டு வாங்கியிருப்பேன். அவ்வளவுதான்.

பச்சைதான் எரிந்தது.

"அப்பா வர்றாரு. சாசேஜ் போடு."

போட்டேன். பச்சை அணைந்து மறுபடி எரிந்தது. மறுபடியும்.

"என்ன பசியோ, போட்டு அழுத்துறாரு" என்று சிரித்தாள் சில்யா.

"வரட்டும். இந்தா, ஆச்சு" என்றேன்.

பிறகு விளக்கு சிமிட்டுவது நின்றது. நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். எல்லாப் பக்கமும் ஒரே பொன்னிறம். தட்டின் ஓரத்தில் கடுகு விழுது, அவருக்குப் பிடித்தபடி. கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபக்காரன் கையில் சாசேஜ் கருகியிருக்கும்.