விலகாத மஞ்சள் கோடு

விடிகாலை நாலே முக்கால். விளக்குக் கம்பங்கள் முடிந்து, இரண்டு பக்கமும் வெறும் பொட்டலாய்க் கிடக்கிற புறவழிச் சாலை. அங்கேதான் அந்தக் கார் தினமும் மூச்சை விட்டது...

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனின் அக்காவுக்கு நடந்தது. சத்தியம் கேட்காதீர்கள். அவள் சொன்னதைச் சொல்கிறேன்.

அக்காவின் கணவர் கார்களுக்கு டர்போ பூட்டி வேகமேற்றித் தரும் பட்டறைக்காரர். வலது கையில் சுண்டுவிரல் பாதிதான். மீதியை ஒரு பெல்ட் தின்றுவிட்டது. எந்த நட்டை முடுக்கினாலும், முடுக்கிய கையோடு அதன்மேல் தொடங்கிப் பக்கத்து இரும்புவரை மஞ்சள் பெயிண்ட் பேனாவால் நேராக ஒரு கோடு இழுப்பார். பிறகு யாராவது திருகினால் கோடு இரண்டாக விலகிவிடும். "மனுஷன் பொய் சொல்லுவான், கோடு சொல்லாது" என்பார்.

அவர் இதே சாலையில், இதே காரில்தான் போய்ச் சேர்ந்தார். பிரேக் பிடிக்கவில்லை. நொறுங்கிக் கிடந்த காரை அக்கா குனிந்து பார்த்தாள். பிரேக் குழாய் நட்டில் மஞ்சள் கோடு விலகியிருந்தது.

பட்டறைச் சாவி இன்னும் இரண்டு பேரிடம் உண்டு. ஒருவர் கூட்டாளி. விபத்துக்கு முந்தின வாரம் கணவரோடு தெருவே கேட்கக் கத்தியவர். இன்னொருவன் கொழுந்தன். செத்துக் கிடந்த அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதவன். நீங்களாக இருந்தால் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? அவளும் கூட்டாளியைத்தான்.

ஒரு வருஷம் போனது. கொழுந்தன் காரை மறுபடி ஓட வைத்தான். பட்டறையைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்து என்று முடிவானது.

கார்தான் முரண்டு பிடித்தது. எஞ்சின் சுற்று ஐயாயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம் வரை பறக்கும். தாண்டினால், டர்போ ஊட்டுகிற காற்றின் அழுத்தம் ஒன்றரையிலிருந்து அரைக்கு விழும். உஸ்ஸ்ஸ்... என்று ஒரு பெருமூச்சு. அத்தோடு சரி.

"அந்தக் கூட்டாளி ராத்திரில வந்து நோண்டுறான் அண்ணி," என்றான் கொழுந்தன்.

அக்கா கணவரின் பேனாவை எடுத்தாள். காற்றுப் பாதையில் குழாய்களை இறுக்கியிருந்த அத்தனை கிளாம்புக்கும் கோடு போட்டாள். பேனாவைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டாள். மறுநாளும் அழுத்தம் விழுந்தது. கோடு ஒன்றுகூட விலகவில்லை.

குழாய்களுக்குள் புகை ஏற்றிப் பார்த்தார்கள். ஓட்டை இருந்தால் புகை காட்டிக்கொடுக்கும். ஒரு இழைகூடக் கசியவில்லை. அழுத்தம் மிஞ்சினால் திறக்கிற வால்வை மாற்றினார்கள். அதுவும் வீண்.

புதன்கிழமை அக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தாள். கொழுந்தன் ஓட்டினான். விழுந்தது. கூட்டாளி ஓட்டினார். முள் ஒன்றரையில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

"பாத்தீங்களா? இவன் ஓட்டினா மட்டும் ஒழுங்கா ஓடுது! என்னமோ வித்தை வச்சிருக்கான்" என்று கத்தினான் கொழுந்தன்.

"வித்தை தெரிஞ்சா முதல்ல என் மண்டையில முடி வளத்திருக்க மாட்டேனாடா?" என்றார் கூட்டாளி, வழுக்கையைத் தடவி. பிறகு அக்காவிடம், "காத்தை உறிஞ்சுற பக்கத்து ரப்பர் குழாய் சப்பிப் போகுதோ என்னமோ. உள்ளே பாத்துடலாம் தங்கச்சி."

போனட்டுக்குள் ஒரு சின்ன விளக்கையும், படம் பிடிக்க ஒரு போனையும் கட்டினார்கள். வியாழக்கிழமை கொழுந்தன் ஓட்டிவிட்டு வந்தான். பட்டறை மேஜையில் மூவரும் படத்தைப் பார்த்தார்கள்.

குழாய் சப்பிப் போகத்தான் செய்தது. ஆனால் மொத்தமாக அல்ல. ஒரு பக்கம் ஒரு குழி. எதிர்ப்பக்கம் நாலு குழி... வரிசையாக. நாலாவது பாதிதான் இருந்தது.

கூட்டாளி தன் சாவியை மேஜையில் வைத்தார். "இதுக்கு மேல எனக்குத் தெரியாது தங்கச்சி." போய்விட்டார்.

கொழுந்தன் சிரித்தான். நெற்றியெல்லாம் வேர்வை. "ரப்பர் மட்டம் அண்ணி. அலுமினியக் குழாய் போட்டா தீந்துது. அதை எவன் நசுக்குவான்?"

அன்றைக்கே போட்டான்.

வெள்ளிக்கிழமை விடிகாலை தனியாக எடுத்துப் போனான். அக்கா பட்டறையில் பத்திரத்தை விரித்துவைத்துக் காத்திருந்தாள். ஆறு மணிக்குக் கார் வந்தது. சூடான எண்ணெய் வாடை. கூடவே, புதுப் பெயிண்ட் வாடை...

"இறங்கவே இல்ல அண்ணி! ஒன்றரை, அப்படியே நிக்குது!" குரல் கரகரவென்று வந்தது. "தொண்டைதான் என்னமோ கட்டிக்கிச்சு."

அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தாடைக்குக் கீழே பார்த்தாள். ஒரு பக்கம் ஒரு குழி. எதிர்ப்பக்கம் நாலு. நாலாவது பாதி.

பத்திரத்தை மெல்ல மடித்தாள்.

"ஏன் அண்ணி?"

பேனா வைத்த அவள் கைப்பை மடியிலேயே இருந்தது. ஜிப் இழுத்தபடி. அவன் தொண்டையிலிருந்து சட்டைக் காலர்வரை நேராக ஒரு மஞ்சள் கோடு. இன்னும் ஈரம் காயவில்லை.

அவன் எச்சில் விழுங்கினான்.

முடுக்கிய நட்டின்மேல் இழுத்ததுபோல், கோடு அசையவில்லை.