அளவில்லாத இடம் முடிந்த நாள்

எங்கள் தெருவில் பராமரிப்பு வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், மேடம். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். போனில் செய்தி வரும். தொட்டியில் தண்ணீர் ஏற்றிக்கொள்ளலாம், மாவு அரைத்துக்கொள்ளலாம். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகை தெரியும். "கரண்டு ஊருக்கு, சாம்பலு நமக்கு மச்சான்" என்று சாபிரா சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். பிறந்தது முதல் காத்திவாக்கத்துக் காற்றைச் சுவாசித்தவள். வீசிங் அவளோடு சேர்ந்தே வளர்ந்தது.

நல்ல மனைவி. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணங்களில் பெண்கள் பகுதி தனி. அங்கே ஆண் கேமராமேன் போக முடியாது. சாபிரா போவாள். ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எல்லா மண்டபங்களிலும் அவளைத் தெரியும். அவள் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தியதும் பெண்கள் புர்காவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சிரிப்பார்கள். ஆடுவார்கள். மணப்பெண்ணின் அம்மா மட்டும் ஒரு தடவை தயங்குவார். சாபிரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஆம்பள கண்ணும் படாதும்மா. எடுக்கறதும் நானு, வெட்டி ஒட்றதும் நானு. வேலை முடிஞ்சதும் மீதிய அழிச்சுருவோம்" என்பாள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அவள் சொன்னது பொய்யில்லை. எடுப்பது அவள், தொகுப்பது அவள். என் வேலை கோப்புகளைக் கணினியில் ஏற்றுவது, பாதுகாப்பது, அழிப்பது. தபால்காரர் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுபோவது போல, திறக்காமல் செய்ய வேண்டிய வேலை. சாபிராவே ஒரு விதியும் வைத்திருந்தாள்: கணினியில் பெண்கள் பகுதி திறந்திருக்கும்போது அறைக்கதவில் மேல் தாழ்ப்பாள் போட்டிருக்க வேண்டும். நான் ஒரு நாளும் அந்த விதியை மீறியதில்லை.

மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் பல வீடுகளில் அலமாரியோடு பென்டிரைவும் போனது. அழுதுகொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு, முடிந்த படங்களை இணையக் கிடங்கில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம் என்று குடும்பங்களே சம்மதித்தன. அளவில்லாத இடம் தருவதாக ஒரு நிறுவனம் விளம்பரம் செய்திருந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், கேள்வி கிடையாது. நான் எல்லாவற்றையும் போட்டேன். முடிந்த படங்களை மட்டுமல்ல. அழித்துவிட்டதாகச் சாபிரா நம்பிய மீதியையும், வெள்ளத்துக்கு முன்பிருந்தே நான் சேர்த்து வைத்திருந்ததையும். அன்பு வைத்த பொருளை யாரும் தூக்கிப்போட மாட்டார்கள், மேடம்.

அன்பு என்றதும் நீங்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

தண்டையார்பேட்டையில் ஃபரா என்று ஒரு பெண். பெரிய சொந்தபந்தம் உள்ள குடும்பம். எந்தக் கல்யாணமானாலும் அவள் இருப்பாள். முதல் தடவை அவளைப் பார்த்தபோது யாரோ ஒருவரின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதற்கு ஊட்டுவது போல ஜாங்கிரியைத் தானே தின்றுகொண்டிருந்தாள். கேமரா தன் பக்கம் திரும்பியதும், "ஐய, சாப்டுகினு கீறப்போ எடுக்கறியேக்கா" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். சாபிராவைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று நீங்கள் சொல்லலாம். கேமராவைப் பார்த்துச் சிரிப்பது என்றால், அந்தப் படத்தைப் பார்ப்பவரைப் பார்த்துச் சிரிப்பதுதானே.

அப்படித்தான் தொடங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு கல்யாணத்திலும் நாங்கள் சந்தித்துக்கொண்டோம். அவள் முதல் முறை புடவை கட்டி, கொசுவம் அவிழ்ந்து தவித்தது எனக்குத் தெரியும். அப்பா காலமான வருடம் மூலையில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் இருந்தது தெரியும். எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல்கூட வந்ததில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆனபோது சாபிராதான் போய் எடுத்து வந்தாள். நான் தவறாக நினைக்கவில்லை. பெண் என்றால் ஒரு வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். அன்று மட்டும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இன்னா மச்சான், பிரியாணி நல்லா இல்லியா?" என்று சாபிரா கேட்டாள். உப்பு கம்மி என்றேன்.

கணவன் வீடு ஆம்பூர். அதன் பிறகு எந்தப் பதிவிலும் ஃபரா வரவில்லை. இனி வருவதற்கில்லை. என்னிடம் இருந்தது மட்டும்தான் அவள்.

அப்போதுதான் அந்த நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அளவில்லாத் திட்டத்தை முடித்துக்கொள்கிறார்களாம். மிகச் சிலர் மட்டும் சாதாரண அளவை மீறிச் சேமிப்பதால் மற்ற வாடிக்கையாளர்களுக்குச் சிரமமாம். குறிப்பிட்ட தேதிக்குள் புதிய அளவுக்குக் குறைக்காவிட்டால் கணக்கில் உள்ள எல்லாம் அழியுமாம்.

சாபிரா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பந்தில உக்காந்தவன் எயுந்திருக்க மாட்டேன்றான்னு நம்மள எலையோட தூக்கறான் மச்சான்." பிறகு, "நம்மகிட்ட இன்னா அவ்ளோ கீது? முடிஞ்ச படம் மட்டும்தானே?" என்றாள்.

முடிந்த படங்கள் மட்டும் என்றால் புதிய அளவுக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? "கல்யாணப் படம்னா வெயிட்டுதானே. நான் ஹார்ட் டிஸ்க்ல எறக்கிடறேன், நீ கவலைப்படாதே" என்றேன்.

இறக்குவது நினைத்தது போல எளிதாக இல்லை. அதிகம் சேமித்தவர்களுக்கு வேகத்தையும் குறைத்துவிட்டார்கள். அதோடு ஃபரா ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தாள். எல்லாவற்றையும் மறுபடி பார்த்து, அவள் இருக்கும் இடங்களை அந்தத் தளத்திலேயே வெட்டி, ஒரே கோப்பாக்கிக் கிடங்கிலேயே வைத்தேன். வாரக்கணக்கில் ஆனது. வாடிக்கையாளர்களின் படங்களா? அவற்றுக்கு நேரம் போதவில்லை, மேடம். கடைசி நாள் வந்தபோது இறக்க வேண்டியது அந்த ஒரு கோப்பு மட்டும்தான்.

அதே நாளில் மின்தடை. செய்தி வந்திருந்தது, எனக்குத் தெரியும். அதனால் யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டு வைத்திருந்தேன். கணினியும் மோடமும் தாங்கும். வேறு எதையாவது சேர்த்துச் செருகினால் கத்திவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். பதிவிறக்கம் பாதியில் அறுந்தால் முதலிலிருந்துதான்.

அன்று காற்று வடக்கிலிருந்து, அந்தப் புகைப் பக்கமிருந்து வந்தது. மின்விசிறி இல்லாததால் சன்னலைத் திறந்து வைத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் சாபிராவுக்கு இழுக்க ஆரம்பித்தது. அவள் வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து முந்தைய நாளே தீர்ந்திருந்தது. வாங்கி வரச் சொன்னாள். கணினியை விட்டு நகர முடியாமல் நான் மறந்துபோனேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டில் நெபுலைசர் இருக்கிறது. மருந்தை ஊற்றி, முகமூடியை மாட்டிக்கொண்டு, அதன் பிளக்கை யுபிஎஸ்ஸில் செருகினாள். யுபிஎஸ் கத்தியது. நான் உடனே பிளக்கை எடுத்துவிட்டேன். மெதுவாகத்தான் எடுத்தேன். "கொஞ்சம் பொறு, முடியப் போகுது" என்றேன். அவள் மறுபடி செருகினாள். மறுபடி எடுத்தேன். பிறகு மிஷினைப் பரண்மேல் வைத்தேன். அவளுக்கு உயரம் எட்டாது.

கீழ்வீட்டுக் குப்பம்மாக்கா காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். சத்தம் கேட்டு மேலே வந்து கதவைத் தட்டினார். தாழ்ப்பாளை எடுத்துப் பாதிக் கதவைத் திறந்தேன்.

"இன்னா நைனா, பொண்ணு மூச்சு வாங்கறது கீய வரிக்கும் கேக்குது? ஆட்டோ இட்டாரட்டா?"

"மிஷின் வெச்சுட்டேன்க்கா. இப்போ சரியாயிடும்."

"சத்தத்த காணோமே? எப்பவும் கர்ருனு கத்தும், என் வூட்டு மேல்தளமே அதிரும்."

"புது மிஷின்க்கா. சத்தம் வராது."

அவர் அரைமனதோடு இறங்கிப் போனார். உங்களிடம் வந்து சொன்னது அவர்தான் என்று நினைக்கிறேன். நல்ல மனுஷி; அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளைப் போட்டேன். பெண்கள் பகுதி திறந்திருந்ததே.

திரும்பியபோது சாபிரா மேசையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறு சிறு படங்களாக ஃபரா திரை முழுக்க இருந்தாள். "மச்சான்... இது... நம்ம ஃபரா..." என்றாள். பேசினால் இன்னும் மூச்சு வாங்கும், பேசாதே என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் போனாள். அவள் பார்த்துவிட்டதால்தான் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியில்லை. மிஷினை அதற்கு முன்பே பரணில் வைத்துவிட்டேன்.

தாழ்ப்பாள் மேலே இருக்கிறது. கையைத் தூக்க அவளுக்குத் தெம்பு இருந்திருக்காது.

கொஞ்ச நேரம் தரையை நகத்தால் பிராண்டும் சத்தம் கேட்டது. பிறகு அடங்கியது. குணமாகிவிட்டது, தூங்குகிறாள் என்று நினைத்தேன். கோப்பு முழுதாக இறங்கியது. சிறிது நேரத்தில் மின்சாரமும் வந்தது. மின்சாரம் வந்ததும் மிஷினை இறக்கியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். இறங்கிய கோப்பு சரியாகத் திறக்கிறதா என்று பார்க்காமல் எழுந்திருக்க முடியாது, மேடம். தொழில் தெரிந்தவர்கள் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் பார்த்தேன். ஜாங்கிரி இருந்தது. புடவை இருந்தது. ஒன்றும் கெடவில்லை.

அதன் பிறகுதான் கதவருகே போனேன்.

சாபிராவைக் கடைசியாகப் பார்க்க ஆம்பூரிலிருந்து ஃபராவும் வந்திருந்தாள். முகத்தை மூடியிருந்தாள், விரல்களை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் என்னைக் கடந்து போகும்போது தரையைப் பார்த்தபடி, "எங்க கல்யாணத்துல எல்லாம் அக்காதான் எடுத்தாங்க, பாய். அவங்கள நம்பித்தான் நாங்க தலத்துணிய எடுத்தோம்" என்றாள். எங்களுக்குள் அதுதான் முதல் பேச்சு.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். பிளக்கை எடுத்தது நான். மிஷினை மறைத்தது நான். குப்பம்மாக்காவிடம் பொய் சொல்லித் திருப்பி அனுப்பியதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் எடுத்து வந்த அந்த ஹார்ட் டிஸ்க்குகளை உங்கள் ஆண் காவலர்கள் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அந்நிய ஆண் ஒருவர்கூடப் பார்க்க மாட்டார் என்று சாபிரா அந்தத் தாய்மார்களின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருக்கிறாள். இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.