பயறு வேகாத உயரத்தில் ஒரு பாலிசி

சுரங்கத்துக்குள் இருநூறு பேரின் மூச்சுக்குப் பொறுப்பேற்று, இன்று இந்த மேடையின் நடுநாற்காலிக்கும் பொறுப்பேற்றிருக்கும் தலைவர் ஓர்ஹான் அவர்களே! எங்கள் நாடித்துடிப்பை எங்களைவிட நன்றாக அறிந்த முகாம் செவிலி ஜில்டிஸ் அவர்களே! ஜார்ஜியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்து கிர்கிஸ் மலையைக் குடையும் பெரியோர்களே! சலவைக் கூடத்திலும் ஆய்வுக் கூடத்திலும் அயராது பாடுபடும் தாய்மார்களே! போன வாரம்தான் மலையேறி வந்து, இன்னும் படியேறினால் மூச்சு வாங்கும் புதிய தோழர்களே! மூன்று வேளையும் உங்களுக்குப் பரிமாறும் இந்த நானுலியின் நெஞ்சார்ந்த வணக்கம்.

கரண்டி பிடிக்கும் கைக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இன்னும் சற்று நேரத்தில் நாம் கை தூக்கப் போகிறோம். அயல்நாட்டில் உழைக்கும் நமக்கு இந்த ஆண்டு எந்த மருத்துவக் காப்பீடு என்று இரண்டு திட்டங்களை நிறுவனம் மேசைமேல் வைத்திருக்கிறது. ஒன்று பல்லுக்குக் கொடுக்கும், மூக்குக்கண்ணாடிக்கும் கொடுக்கும். மற்றொன்று பல்லுக்குச் சல்லிக்காசு கொடுக்காது. புதிதாக வந்த அறுபது பேரும் பல்லுக்கே சாய்கிறார்கள் என்று காதில் விழுந்தது. அதனால்தான் அடுப்பை விட்டு இறங்கி மேடை ஏறினேன்.

சென்ற ஆண்டும் இதே கூடம், இதே இரண்டு திட்டங்கள். சர்க்கரைக் கட்டியைக் கடித்தபடி தேநீர் குடித்தே தேய்ந்துபோன வாய்களுக்குப் பல் இலவசம் என்றால் போதாதா? அடடா, என்ன ஆரவாரம், என்ன ஆனந்தம்! கை தூக்கினார்கள், காலையும் தூக்கியிருப்பார்கள்! ஒரே ஒரு கை மட்டும் எழவில்லை. அது என் கை.

ஏன் எழவில்லை? பல்லுக்குக் கொடுக்கும் திட்டத்தின் பத்தொன்பதாம் பக்கத்தை நான் படித்திருந்தேன். கடல்மட்டத்துக்கு மேல் இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டரைத் தாண்டிய இடத்தில் வரும் எந்த நோய்க்கும் அந்தத் திட்டம் பொறுப்பேற்காதாம். மலையேறும் வீரர்களை நினைத்து எழுதியிருப்பார்கள். ஆனால் நாம் எங்கே உண்கிறோம், எங்கே உறங்குகிறோம்? நான் இங்கு வந்த முதல் வாரம், எங்கள் ஜார்ஜியாவின் பயற்றுக் குழம்பான லோபியோ செய்யலாமென்று பயற்றை வேகவைத்தேன். ஆறு மணிநேரம் கொதித்தது, வேகவில்லை! அழாத குறைதான். நம் நிலவியலாளர்தான் சொன்னார்: "அக்கா, இது மூவாயிரத்து நூறு மீட்டர். இங்க தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும், ஆனா சூடு பத்தாது. குக்கர் வாங்கிக்கோங்க." அன்று முதல் அந்த எண் என் பிறந்தநாளைப் போல எனக்கு மனப்பாடம்.

எழுந்து நின்று இதைச் சொன்னேன். துளைபொறி ஓட்டும் தம்பி மெராப் என்ன சொன்னான் தெரியுமா?

"பயறு வேகலைன்னா அடுப்பைப் பாருங்கக்கா, பாலிசியை ஏன் பாக்கறீங்க?"

கூடமே குலுங்கிச் சிரித்தது. நம் தலைவரும் சிரித்தார். இல்லை என்று தலையாட்டாதீர்கள் ஐயா, நான் பார்த்தேன்! எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். நேரே சமையற்கூடம் போனேன். நான்கு குக்கர்களையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மூன்று நாள், மூன்று வேளையும், திறந்த சட்டியில் கொதித்த பயறு. முதல் நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாள் முறைத்தார்கள், மூன்றாம் நாள் மெராப் தட்டோடு வந்து நின்றான்.

"அக்கா, இது பயறா, ஜல்லியா?"

"கடிடா தம்பி! பல்லு உடைஞ்சா இன்சூரன்ஸ் இருக்குல்ல?"

"பல்லு கெடக்கட்டும், வயித்து வலி வந்தா?"

"வயிறு மூவாயிரத்து நூறு மீட்டர்ல இருக்கே! அதுக்கு ஒண்ணும் கிடையாது."

அவன் மெல்வதை நிறுத்தினான். என் மேலங்கிப் பையிலிருந்த பத்தொன்பதாம் பக்கத்தைத் தானே உருவிப் படித்தான். அன்று மாலையே மறுபடி கூட்டம் கூடி, திட்டத்தை மாற்றினோம். யாரது பின்வரிசையில் சிரிப்பது? குராம் அண்ணனா? சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் கட்டுப்பல் அந்த மூன்று நாளும் சட்டைப்பையில் இருந்ததைச் சொல்ல மாட்டேன்.

பிறகு வந்தது மார்ச் மாதம். கடலோரத்தில் மூன்று வாரம் விடுப்பைக் கழித்துவிட்டு, உயரம் மறந்துபோன உடம்போடு மெராப் திரும்பினான். வந்த மறுநாள், மதிய உணவின்போது, அவன் கையிலிருந்து கரண்டி விழுந்தது. உதடு நீலமாகிவிட்டது. ஜில்டிஸ் ஓடிவந்து அவன் நெஞ்சில் காதை வைத்தாள். "நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. இப்பவே கீழ இறக்கணும், இல்லைன்னா ஆளு நமக்கில்லை." கணவாயோ பனியால் மூடிக் கிடந்தது, சாலை இல்லை. காப்பீட்டார் உறுதி தந்தால்தான் ஹெலிகாப்டர் எழும். தொலைபேசியில் அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு உயரத்துல இருக்கீங்க?"

ஜில்டிஸ் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், மூவாயிரத்து நூறு.

பல் கொடுக்கும் திட்டமாக இருந்திருந்தால், தோழர்களே, பேச்சு அந்த எண்ணோடு முடிந்திருக்கும்! மெராப்பும் முடிந்திருப்பான்! ஆனால் அந்தக் குரல், "சரிங்க, அனுப்பறோம், இறங்க இடம் தயார் பண்ணுங்க" என்றது. நான் வாய்விட்டு அழுதேன். அப்போது நீங்கள் செய்தது நினைவிருக்கிறதா? இருநூறு பேர், நானூறு கால்கள், இடுப்பளவு பனியை மிதித்து மிதித்துத் தரையாக்கினீர்கள்! ஹெலிகாப்டர் இறங்கியது, மெராப் ஏறினான், கீழே பிஷ்கெக் நகர மருத்துவமனையில் மூச்சு மீண்டது. வென்றோம் தோழர்களே, மலையை வென்றோம்!

எது நல்ல காப்பீடு? பளபளக்கும் அட்டையா? பக்கம் பக்கமாய்ப் பட்டியலா? உன் கட்டில் எங்கே கிடக்கிறதோ, அங்கே வந்து உன்னைத் தூக்குவதுதான் காப்பீடு! புதிய தோழர்களே, பத்தொன்பதாம் பக்கம் இந்த ஆண்டும் அப்படியேதான் இருக்கிறது. தலைவர் அவர்களே, கேளுங்கள் இப்போதே! ஹெலிகாப்டர் அனுப்பும் திட்டத்துக்கு யார் யார்?

அதோ, முதல் கை! மெராப்பின் கை!

"அக்கா, ரெண்டு கையும் தூக்கலாமா?"

ஒண்ணு போதும்டா, மூச்சு வாங்கப் போகுது! அப்பப்பா, கூடம் முழுக்கக் கைகள்! அறுபது புதிய கைகளும் அதில் இருக்கின்றன. குராம் அண்ணனே தூக்கிவிட்டார்!

காது கொடுத்ததற்கும் கை கொடுத்ததற்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி. அடுப்பில் இன்று லோபியோ. காலையிலேயே இரண்டு விதமாக ஏற்றி வைத்தேன்: ஒன்று குக்கரில், ஒன்று திறந்த சட்டியில். எதைப் பரிமாறுவது என்பதை உங்கள் கைகளைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். குக்கரையே திறக்கிறேன், வாருங்கள் சாப்பிடலாம், வணக்கம்.